பலூனின் வாய்

ஜூலை 3, வியாழன்

பலூனின் வாய் காய்ந்திருந்தது.

அப்பா பத்து பலூன் ஊதி முடித்ததாகச் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டும்போது தலையணைக்கு அடியில் சிவப்பு பலூன் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வாயில் எச்சில் ஈரம் இல்லை. புதுப் பலூனுக்குள் இருக்கும் வெள்ளை மாவு அப்படியே இருந்தது. ஒரு தடவை ஊதினாலே அந்த மாவு ஈரமாகித் திரண்டுவிடும். சின்ன வயதில் நான் எத்தனை பலூன் ஊதியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

“எழுதிட்டியா?” என்று வாசலிலிருந்து கேட்டார்.

பத்து என்று எழுதினேன்.

ஜூலை 4, வெள்ளி

இது என் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு. அம்மாவுக்கு முடியாமல் போனபோது பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அதனால் நோட்டில் முக்கால்வாசி வெள்ளையாகவே இருந்தது. எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்காக வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் சீழ் கட்டிக் குழாய் போட்டு எடுத்தார்கள். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. சளியில் இப்போது கிருமி இல்லையாம். ஆனால் வலது பக்க நுரையீரல் சுருங்கிப் போய், கீழ்ப்பக்கம் விரியவே இல்லை. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெபா அக்கா ஒரு பாக்கெட் பலூனைக் கையில் தந்து, தினமும் பத்து ஊதினால் நுரையீரல் தானாக விரியும், எத்தனை ஊதினார் என்று நாள்தோறும் எழுதிக்கொண்டு வா என்றார். பதினான்காம் தேதி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார்கள். விரியாவிட்டால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அப்பாவின் எடை முப்பத்தொன்பது கிலோ.

முன்பக்கத்தில் எண்ணிக்கை எழுதுகிறேன். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். அப்பா முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ரேஷன் அரிசி புடைத்தேன். கல் அதிகம். அப்பாவின் தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன். என் தட்டோடு சேர்த்துக் கழுவக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் வாசலில் சாப்பிடுவார், நான் உள்ளே. வாசலில்தான் படுக்கிறார். சாரல் அடித்தால் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாரே தவிர உள்ளே வருவதில்லை. உள்ளே புழுக்கமாம். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் வரும் மாதத்தில் யாருக்குப் புழுங்கும்?

பலூன் ஊத மட்டும் உள்ளே வருகிறார். அது என் ஏற்பாடு. அம்மா தை மாதம் போனாள். வருஷம் திரும்பாத வீட்டில் பலூன் தெரிந்தால் தெருவில் என்ன சொல்வார்கள்? அதனால் கதவையும் ஜன்னலையும் அடைத்து, அப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் அடுப்படியில் நிற்பேன். கால் மணி நேரம் சத்தமே இருக்காது. பிறகு கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போவார்.

“பத்து” என்பார்.

ஜூலை 7, திங்கள்

மாவு அப்படியே இருந்தது. பத்து.

ஜூலை 9, புதன்

இன்று நானே ஊதினேன். அப்பா மாத்திரை வாங்கப் போயிருந்தார். ஊதி வைத்திருப்பதைப் பார்த்தால் அவருக்கும் ஆசை வரும் என்று நினைத்தேன். அப்படித்தான் தொடங்கினேன். மஞ்சள், நீலம், மறுபடி மஞ்சள். கன்னம் வலித்தது. ஒன்றை முடிச்சுப் போடாமல் விட்டுப் பார்த்தேன். வீடு முழுக்கச் சுற்றிவிட்டு அம்மாவின் படத்தில் மோதி விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டேன். பதினாறு வயது முடிந்துவிட்டது எனக்கு.

பக்கத்து வீட்டுப் பூரணத்து அக்கா ஜன்னல் இடுக்கில் பார்த்திருக்கிறாள். “யாருக்குட்டி பொறந்த நாளு?” என்று கேட்டாள். உள்ளே போய் நின்றுகொண்டேன்.

அப்பா வந்து பலூன்களைப் பார்த்தார். யார் ஊதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். பாக்கெட்டைக் கையில் வாங்கி, இதில் அவர் தொட்ட பலூன் எதுவும் உண்டா என்று மூன்று தடவை கேட்டார். இல்லை, எல்லாம் புதுசு என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

ஜூலை 11, வெள்ளி

உலகம்மாள் அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. சுரண்டையில் இருக்கிறாள். வீட்டுக்குள் கொடியில் கட்டியிருந்த பலூன்களைப் பார்த்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“மதினி சண்முகக்கனி செத்து ஆறு மாசம் ஆவல, வீட்டுல பலூன் கேக்குதாக்கும்? பாக்கறவ என்ன நெனப்பா?”

கொண்டை ஊசியை உருவி ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலில் அப்பாவின் தோள் குலுங்கியது. எழுந்து தெருவுக்கே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்ல வந்தது அத்தை பஸ் ஏறிய பிறகுதான்.

போகும்போது என் தலையைத் தடவிச் சொன்னாள். அண்ணனை ஆபரேஷனுக்குப் படுக்கவைத்துவிட்டால் வயசுப் பிள்ளையைத் தனியாக விட முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் கேட்டு வைத்திருக்கிறாளாம். ஹாஸ்டல் உண்டு. மூன்று வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அப்பா பிழைத்து வந்தால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்க நினைத்தேன். அத்தை ‘பிழைத்து வந்தால்’ என்று எதையும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நாளை படம். முன்பக்கத்தில் எல்லா நாளும் பத்து. அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வலது பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. போன மாதத்துப் படத்திலும் அதே வெள்ளை. பிறகு என் நோட்டைப் பார்த்தார்.

தினமும் பத்து ஊதியும் விரியவில்லை என்றால் இனி ஊதிப் பயனில்லை, திறந்துவிடலாம் என்று ஜெபா அக்காவிடம் சொன்னார். உடம்பு தாங்குமா என்று அக்கா மெதுவாகக் கேட்டார். டாக்டர் எழுதத் தொடங்கினார். அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்கோ சொல்வது போல.

எனக்கு அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தையும் பேசிப் பழக்கமில்லை. பேர் கேட்டால்கூட அப்பாதான் ‘முப்பிடாதி’ என்று சொல்லுவார். டாக்டர் பேனாவை மூடப் போகும்போது நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தைத் திறந்து, அவர் எழுதிக்கொண்டிருந்த தாள் மேலேயே வைத்தேன்.

முதல் வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். ஜெபா அக்காவும் குனிந்து படித்தார்.

“ஏன்யா ஊதல?” என்று டாக்டர் கேட்டார்.

அப்பா வேட்டி முனையைத் திருகிக்கொண்டே வெட்கமாக இருந்தது என்றார்.

எழுதிய தாளை டாக்டர் கிழித்துப் போட்டார். அடுத்த மாதம் நான்காம் தேதி வரைக்கும் தவணை. அதற்கு மேல் இல்லை.

பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்காரவில்லை. எப்போதும் உட்காருவதில்லைதான். இன்று முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் வைத்தேன்.

ஜூலை 16, புதன்

காலையில் பச்சை பலூன் ஒன்றை எடுத்து, கதவை அடைத்து, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். இனிமேல் அடுப்படியில் நிற்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். “யப்பா, ஒண்ணே ஒண்ணு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன். வாங்கினார். உதட்டில் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துவிட்டார்.

தெரியவில்லையோ என்று நினைத்தேன். வெட்கம் என்று சொன்னாரே. அதனால் அவர் கையிலிருந்து வாங்கி, “இங்க பாருங்க, இவ்வளவுதான்” என்று நான் ஊதிக் காட்டினேன்.

அவ்வளவு வேகமாக அப்பா எழுந்து நான் பார்த்ததில்லை. பலூனைத் தட்டிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உப்பை அள்ளித் தண்ணீரில் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். துப்பினேன். மறுபடியும் என்றார். நாலு தடவை. வெந்நீர் வைத்து மறுபடியும். என் தாடையைப் பிடித்து வாய்க்குள் பார்த்தார், அங்கே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதோ இருப்பது போல. பிறகு பாக்கெட்டோடு எல்லா பலூன்களையும் அடுப்பில் போட்டார். வீடு முழுவதும் ரப்பர் நாற்றம். மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் அழுதுகொண்டே கதவருகில் நின்றேன். திரும்பாமலே பேசினார்.

“ஒங்கம்மா நான் குடிச்ச டம்ளர்லதான் காப்பி குடிப்பா. நான் சாப்பிட்ட தட்டுலதான் சோறு போட்டுத் திம்பா. வேண்டாம்ட்டின்னு ஒரு நாளு சொன்னேனா? நல்லா இருக்கட்டும்னு இருந்தேன். எட்டு மாசம் இருமிக்கிட்டே கெடந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போவல. கதவ அடச்சிக்கிட்டு ஒங்க கூடயே படுத்தேன்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“அதே மூச்ச இப்ப பலூன்ல புடிச்சு அடச்சு, அதுவும் கதவ அடச்ச வீட்டுக்குள்ள. அது வெடிச்சா யாரு இழுப்பா? நீதான இருக்க.”

அப்பா மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அவருடைய விசில் சத்தம் வைத்தே பஸ் வருவதைச் சொல்லிவிடலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைசி நடை முடிந்து வந்து, அந்த விசிலை என் வாயில் வைத்து ஊதச் சொல்லுவார். அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் அதைக் கிணற்றில் போட்டுவிட்டார். இனி வேலைக்குப் போகப் போவதில்லை என்பதற்காகத்தான் போட்டார் என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதற்கு முன்னால் தனியாகக் கடை வரைக்கும்தான் போயிருக்கிறேன். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி ஜெபா அக்காவிடம் கொடுத்தேன். அக்கா தாளைப் படித்துவிட்டு, வாயால் கேள் என்றார். கேட்டேன்.

அம்மாவுக்கு நோய் ஒட்டியது டம்ளரிலும் தட்டிலும் இல்லை என்றார். அப்போது இருமிய இருமல்தான், காற்றுப் புகாத வீடுதான். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்ததால் உடம்பு தாங்கவில்லை. இப்போது மூன்று தடவை சளி பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. அப்பா ஊதுவதால் எனக்கு ஒன்றும் வராது. இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். புதிதாக ஒரு பாக்கெட் பலூன் கேட்கலாம் என்று நினைத்தேன். எரித்ததைச் சொல்ல வேண்டிவரும் என்று கேட்கவில்லை.

அப்பா சீட்டை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அவங்க நல்லதுக்குத்தான் சொல்லுதாங்க” என்றார். “ஒருவேள தப்பாயிட்டுன்னா?”

ஜூலை 20, ஞாயிறு

பூரணத்து அக்கா வீட்டுப் போனில் அத்தை கூப்பிட்டாள். நாலு சுடிதார் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். மில் ஆள் ஐந்தாம் தேதி வருகிறான்.

அப்பா குழாயடியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றார். பதினெட்டு அடி இருக்கும். நான் எண்ணினேன்.

ஜூலை 21, திங்கள்

சாமியிடம் கேட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

இது துவைக்கிற நாள். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி, அதற்கு அந்தப் பக்கம் வேலி, அப்புறம் தரிசு நிலம். வேறு வீடு இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். துவைக்கிற நாளில் எல்லாம் நான் பப்பாளி இலையின் தண்டை அறுத்து, சோப்புத் தண்ணீரில் முக்கிக் குமிழி விடுவேன். தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். வயதுக்கு வந்த பிறகு இது என்ன விளையாட்டு என்று அத்தை ஒரு தடவை அடித்திருக்கிறாள். அதனால் யாரும் இல்லாதபோது மட்டும். அம்மா இறந்த மாதத்தில்கூட விட்டேன். இன்றும் விட்டேன். மனசு அவ்வளவு கெட்டுப்போய்க் கிடந்தும் குமிழி பெரிதாகப் பெரிதாக, உடைந்துவிடாதே, உடைந்துவிடாதே என்று அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“தண்டு முத்தல். அதான் சின்னச் சின்னதா வருது.”

அப்பா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் தண்டைக் கீழே போட்டுவிட்டேன்.

மரத்திடம் போய் உச்சிக்குப் பக்கத்தில் இருந்த இளம் இலை ஒன்றைக் காட்டினார். அறுத்துக் கொடுத்தேன். நுனியை நகத்தால் நாலாகக் கீறி மலர்த்தினார். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. வாளியில் சோப்பு பத்தாது என்று இன்னும் கரைக்கச் சொன்னார். முக்கினார். உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் நின்றுவிட்டார்.

காற்று மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஆடிக் காற்று. கொடியில் போட்ட பாவாடை வேலிப் பக்கமாகப் படபடத்தது. அப்பா அந்தப் பாவாடையையே பார்த்தார்.

“நீ மேக்கால போ. இன்னும் போ. அந்தத் தொட்டிக்கு அங்கிட்டு நில்லு.”

போய் நின்றேன். எனக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து ஊதினார். முதல் குமிழி வரும் முன்பே உடைந்தது. இரண்டாவதும். இருமல் வந்து குனிந்துவிட்டார். போதும் என்று சொல்லப் போனேன். மறுபடி முக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தது. தேங்காய் அளவு இருக்கும். காற்று அதை இழுத்துக்கொண்டு போனது. வேலியைத் தாண்டி, தரிசுக்கு மேலே போய், பனை மரத்துக்குப் பக்கத்தில் காணாமல் போனது.

“போயிட்டு” என்றார் அப்பா.

அவருடைய மூச்சு அங்கே போய் உடைந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

ஜூலை 23, புதன்

துவைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் சோப்புக் கரைத்தேன். நான் தொட்டிக்குப் பக்கத்தில், அப்பா வேலிக்குப் பக்கத்தில். யாருடையது பனையைத் தொடுகிறது என்று பார்த்தோம். என்னுடையது தொட்டது.

“அது என்னுது” என்றார்.

“இல்லப்பா, ஒங்களது வேலி முள்ளுலயே ஒடஞ்சிட்டு.”

“கண்டக்டர்ட்டயே பொய் சொல்லுதியா?”

பூரணத்து அக்கா தண்ணீர் எடுக்க வந்தவள் குடத்தோடு நின்றுவிட்டாள். எனக்கு ஓடி ஒளியத் தோன்றியது. “என்ன மச்சான், பஸ்ஸ விட்டுட்டு இதுல எறங்கிட்டியளா?” என்று கேட்டாள். அப்பா இருமி முடித்துவிட்டு, டிக்கெட் எடுத்தால் மதினியும் ஊதலாம் என்றார். அக்கா குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு தண்டு வாங்கிக்கொண்டாள். மூன்று பிள்ளை பெற்றவள், முகம் சிவக்க ஊதினாள்.

ஆறு குமிழிக்குப் பிறகு அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. தவணைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. சோப்புக் குமிழி விட்டு நுரையீரல் விரியுமா என்று யாரிடம் கேட்பது?

ஜூலை 24, வியாழன்

காலையில் அப்பா, பலூன் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் அடுப்பில் போனது அவருக்குத் தெரியும்தான்.

கடைக்குப் போனேன். பலூன் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. வருஷம் திரும்பாத வீட்டில் என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டார். நாலு பேர் நின்றார்கள்.

“எங்கப்பாவுக்கு. ஊததுக்கு” என்றேன்.

நின்று நின்று நடந்து, தரிசுக்கு நடுவில், பனைக்குப் பக்கத்தில் போய் அப்பா நின்றார். என்னை மேற்கே நிறுத்தினார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வலது தோள் ஏறவில்லை. இடது தோள்தான் ஏறி ஏறி இறங்கியது. நின்றார். மறுபடி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஆட்டுக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன், ஓடவில்லை.

கடைசியில் அப்பா திரும்பிக் கையை உயர்த்திக் காட்டினார். மாங்காய் அளவுக்குச் சிவப்பாக இருந்தது. முடிச்சுப் போடுவார் என்று பார்த்தேன். விட்டுவிட்டார். அது பர்ரென்று கத்திக்கொண்டு மேலே போய், கோணல் மாணலாகச் சுற்றி, அவர் தலையிலேயே ஒரு தட்டு தட்டிவிட்டு என் பக்கமாக வந்து விழுந்தது. அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது.

குனிந்து எடுத்தேன். தொடாதே என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

பலூனின் வாய் ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டின் முன்பக்கத்தைத் திறந்தேன். பத்து பத்து என்று எழுதியிருந்த கட்டங்களை எல்லாம் ஸ்கேல் வைத்து அடித்தேன். இன்றைய தேதி போட்டு, ஒன்று என்று எழுதினேன்.